தார் ரோடு முடியும் இடத்தில் தொடங்கும் சைக்கிள்!

எங்கள் பக்கத்தில் 'கிராவல்' என்று சொன்னால் யாருக்கும் சைக்கிள் ஞாபகம் வராது. லாரிதான் ஞாபகம் வரும். ராத்திரியில் ஏரி மண்ணை அள்ளிக்கொண்டு போகும் டிப்பர், அதை மடக்கிப் பிடித்த வருவாய்த் துறை, மறுநாள் பேப்பரில் 'கிராவல் மண் கடத்திய லாரி பறிமுதல்' என்று நாலு வரிச் செய்தி. தேவிகாபுரத்துக்காரர்களுக்குக் கிராவல் என்றால் இவ்வளவுதான்.

அதே வார்த்தையை வெளிநாட்டில் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள். கண்கள் விரியும். கடந்த 15, 20 வருடங்களில் சைக்கிள் உலகத்தில் வேகமாக வளர்ந்த விளையாட்டு அது. தார் போடாத மண் ரோட்டிலும் சரளைக்கல் பாதையிலும் நாள் முழுக்க ஓட்டுவதற்கென்றே ஒரு சைக்கிள், அதற்கென்றே போட்டிகள், அதற்கென்றே சுற்றுலா.

டயர் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். "மலைக்காடு, திராட்சைத் தோட்டம்னு மண் ரோட்டுல சைக்கிள்ல போற வீடியோ பார்க்கிறோம். நம்ம ஊர்ல அப்படி ஓட்ட இடம் இருக்கா?"

இருக்கிறது. கம்பத்தில் இருக்கிறது, எங்கள் ஜவ்வாது மலையில் இருக்கிறது, உங்கள் ஊர் ஏரிக்கரையிலும் இருக்கிறது. எங்கே, எப்படி என்று சொல்கிறேன். கூடவே ஒரு கேள்வியும் கேட்கப் போகிறேன். மண் ரோடு யாருக்கு ஜாலி, யாருக்கு ஜோலி?

இது என்ன சைக்கிள்?

பார்ப்பதற்கு ரேஸ் சைக்கிள் மாதிரியே இருக்கும். ஆட்டுக் கொம்பு போல வளைந்த ஹேண்டில் பார். ஆனால், டயரைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ரேஸ் சைக்கிளின் டயர் 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம், காற்றும் கல்லு மாதிரி இருக்கும். கிராவல் சைக்கிளில் டயர் 40 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மேல். காற்றைப் பாதிக்கும் குறைவாகத்தான் அடிப்பார்கள். கல் மேல் ஏறும்போது டயர் கொஞ்சம் அமுங்கி, அந்த அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். கைக்கும் முதுகுக்கும் வராது. இறக்கத்தில் மண்ணோ தண்ணீரோ பட்டாலும் பிடிக்கிற டிஸ்க் பிரேக், ஏற்றத்தில் உட்கார்ந்தபடியே மிதிக்கிற அளவுக்கு லேசான கியர். இவ்வளவுதான் சூட்சுமம்.

எங்கள் ஊரில் இதை விளக்குவது சுலபம். வீட்டுக்கு வீடு பட்டுத்தறி இருக்கிற ஊர். குழித்தறியில் உட்கார்ந்து காலால் மிதிக்கிறவர்களுக்குத் தெரியும், வேகமாக மிதிப்பது திறமை இல்லை. ஒரே சீராக, பொழுதெல்லாம் மிதிக்க முடிவதுதான் திறமை. மண் ரோட்டு சைக்கிளும் அப்படித்தான்.

இந்த விளையாட்டுக்குப் பெரிய அடையாளம் கொடுத்தது அமெரிக்காவின் கான்சஸ் மாநிலம். 2006-ல் எம்போரியா என்ற சின்ன ஊரில் ஒரு போட்டி தொடங்கினார்கள். 200 மைல், அதாவது 320 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் கூரான கல் நிறைந்த மண் ரோடு. சில டஜன் பேரோடு ஆரம்பித்தது, 'அன்பவுண்ட் கிராவல்' என்ற பெயரில் இன்று ஆயிரக்கணக்கானவர்களை ஈர்க்கிறது. 2022-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் முதல் கிராவல் உலக சாம்பியன்ஷிப்பை நடத்தியது. இடம், இத்தாலியின் வெனெட்டோ பகுதி. அடுத்த வருடமும் அங்கேதான். 2023 போட்டியின் முடிவுக்கோடு, புரொசெக்கோ ஒயினுக்குப் பேர்போன திராட்சைக் குன்றுகளுக்கு நடுவே இருந்தது. நீங்கள் பார்க்கிற வீடியோக்களில் திராட்சைத் தோட்டம் அடிக்கடி வருவதற்குக் காரணம் இதுதான். ஐரோப்பாவில் திராட்சை விளைகிற குன்றுகளில்தான் இன்னும் தார் போடாத அழகான பாதைகள் நிறைய மிச்சம் இருக்கின்றன.

அவை தானாக மிச்சம் இருக்கவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் நம்மூர் திராட்சை.

பன்னீர் திராட்சை வாசத்தில் ஒரு ரைடு

மலைக்காடும் திராட்சையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இடம் தமிழ்நாட்டில் ஒன்றுதான் சட்டென்று ஞாபகம் வரும்: தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் கேரள எல்லை மலை, இன்னொரு பக்கம் மேகமலை. நடுவில் முல்லைப் பெரியாறு தண்ணீரில் நெல், வாழை, தென்னை, திராட்சை. 1895-ல் கட்டி முடித்த அணையிலிருந்து சுரங்கம் வழியாக மலையைத் தாண்டி வருகிற தண்ணீர் அது. பென்னிகுயிக் பெயரைக் குழந்தைகளுக்கு வைக்கிற ஊர்கள் அவை.

இங்கே விளைகிற கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ரகத்துக்கு 'மஸ்கட் ஹாம்பர்க்' என்று பெயர். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மூலம் தமிழ்நாட்டுக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். மற்ற மாநிலங்களில் திராட்சைக்குப் பெரும்பாலும் வருடத்தில் ஒரு சீசன்தான். கம்பத்தில் அப்படி இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து பண்ணும் நாளை மாற்றிக்கொள்வதால், எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு பந்தலில் குலை பழுத்துத் தொங்கும்.

வெளிநாட்டுத் தோட்டங்களில் இடுப்பளவு வேலி மாதிரி திராட்சைக் கொடி நிற்கும். நம்மூரில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தல். அதனால் கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி பக்கம் தோட்டத்துப் பாதைகளில் சைக்கிளில் போகும்போது, கொடிக்குப் பக்கத்தில் போகிற மாதிரி இருக்காது. பச்சைக் கூரை போட்ட ஊருக்குள் நுழைகிற மாதிரி இருக்கும். காலை ஆறு மணிக்குக் கம்பத்தில் கிளம்பினால், சுருளி அருவி வரை சுமார் 10 கிலோமீட்டர். நடுவே பிரிகிற வண்டிப்பாதைகளில் புகுந்து வந்தால் இருபது கிலோமீட்டர்கூட ஓட்டலாம். சமதரைதான். கிராவல் சைக்கிள்கூடத் தேவையில்லை, வீட்டில் இருக்கிற சாதாரண சைக்கிளே போதும்.

ரெண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள்.

ஒன்று, மருந்தடிக்கிற நேரம். திராட்சை நோய்க்குப் பேர்போன பயிர். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த 'போர்டோ கலவை' இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இதன் கதை சுவாரஸ்யமானது. 1880-களில் பிரான்ஸின் போர்டோ பகுதி விவசாயிகள், ரோட்டோரக் கொடிகளில் மட்டும் இந்த நீலக் கலவையைத் தெளித்து வைத்தார்களாம். வழியில் போகிறவர்கள் பழத்தைப் பறிக்கக் கூடாது என்பதற்காக! அந்தக் கொடிகளில் மட்டும் நோய் வராததை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். பூஞ்சை மருந்து பிறந்தது. ஆக, திராட்சை மருந்தே வழிப்போக்கர்களால் வந்ததுதான். இலையில் நீலத் திட்டு தெரிந்தாலோ, பந்தலுக்கு அடியில் ஸ்பிரேயர் சத்தம் கேட்டாலோ அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இரண்டாவது, அந்தப் பாதைகளில் பல ஒருவருடைய சொந்தத் தோட்டத்துக்குள் போகிறவை. "அண்ணே, இந்த வழியா போகலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். போகும்போது ஒரு கிலோ பழத்தை அவர்களிடமே வாங்குங்கள். பன்னீர் திராட்சை சீக்கிரம் கெட்டுப்போகும் பழம். விலை இறங்கினால் வைத்திருந்து விற்க முடியாது. தோட்டத்து வாசலில் கைக்கு வருகிற காசுக்கு மதிப்பு அதிகம்.

மேலே மலைக்குப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு மேகமலை. சின்னமனூரிலிருந்து தென்பழனி வழியாக 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஹைவேவிஸ் எஸ்டேட்டுக்குப் போகிற ரோடு. அதைத் தாண்டி மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு பக்கம் கரடுமுரடான பாதைகள். ஆனால், இது விளையாட்டு மைதானம் இல்லை. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. யானை நடமாட்டமும் உண்டு. வனத்துறை செக்போஸ்டில் என்ன சொல்கிறார்களோ அதுதான் சட்டம். 'போகாதே' என்றால் போகக் கூடாது. 2018 மார்ச்சில் இதே தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. அனுமதி என்பது வெறும் காகிதம் இல்லை. நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள் என்பது வெளியே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்து மலை

கம்பம் எல்லோருக்கும் தூரம். வடக்கு மாவட்டத்துக்காரர்களுக்கு ஜவ்வாது மலை இருக்கிறது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் படர்ந்த மலை. தேவிகாபுரத்திலிருந்து மேற்கே போளூர், அத்திமூர் தாண்டினால் ஏற்றம் தொடங்கிவிடும். ஆரணியைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற கமண்டல நாகநதிக்குத் தண்ணீர் வருவதும் இந்த மலையிலிருந்துதான். எங்கள் ஊரில் மழை இல்லாத நாளில் ஆற்றில் தண்ணீர் வந்தால், "மலையில பேஞ்சிருக்கு" என்பார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மலை மேல் போக வேண்டிய அவசியமே இல்லை. படவேட்டிலிருந்து செண்பகத்தோப்பு அணைப் பக்கம் அடிவாரத்திலேயே ஓட்டலாம். வாழைத்தோப்பு, ஓடை, பின்னால் மலைச்சுவர். அரை நாளில் போய் வந்துவிடலாம்.

பழகியவர்கள் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறலாம். மெயின் ரோடு தார்தான். பிரிந்து பிரிந்து மலைக்கிராமங்களுக்குப் போகிற கிளைப் பாதைகளில்தான் மண்ணும் சரளையும். சாமை வயல், பலா, சீத்தா, புளியமரம். ஜமுனாமரத்தூரில் ஏரியும், கொஞ்ச தூரத்தில் பீமன் நீர்வீழ்ச்சியும் இருக்கின்றன. அங்கிருந்து காவலூர் பக்கம் இறங்கினால் வைணு பாப்பு வானாய்வகம். 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் இடம். 1988-ல் இங்கே கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயரை வைத்தார்கள். விண்ணைப் பார்க்க இருட்டு வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மலைக்காட்டைத் தேடி வந்தார்கள். ஆலங்காயம், வாணியம்பாடி என்று இறங்கிவிட்டால் ரயிலைப் பிடித்துவிடலாம்.

ஓட்டுவதற்கு இவ்வளவு நல்ல மலை சுற்றுவட்டாரத்தில் இல்லை. காலைப் பனியில் செம்மண் பாதை ஈரமாக இருக்கும்போது டயர் சத்தமே கேட்காது. எதிரே வருவது பெரும்பாலும் ஆடு, எப்போதாவது ஒரு பைக், தலையில் விறகோடு இரண்டு பேர்.

அப்படி ஒரு பாதையில், ஒரு டீக்கடையில் நின்றேன். கடைக்கார அம்மா சைக்கிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாத்துக்குக் கண்ணு, அங்க தாரு ரோடு கீதே, அத உட்டுட்டு இதுல வர?"

"இந்த ரோடுதாம்மா நல்லாயிருக்கு."

"உனக்கு நல்லாத்தான் இருக்கும். பொழுது சாஞ்சா கீழ எறங்கிப் பூடுவ."

டீயை நீட்டிக்கொண்டே சொன்னார். அதில் கோபம் எதுவும் இல்லை. பேச்சுவாக்கில் நான் பத்திரிகை வேலை என்று தெரிந்ததும், "அப்ப எழுது, இதுக்கு எப்ப தாரு போடுவாங்கன்னு" என்றார்.

மண் ரோடு யாருக்கு?

மேலே சொல்லாமல் விட்ட இத்தாலிக் கதையை இங்கே சொல்ல வேண்டும்.

இத்தாலியின் டஸ்கனியில், கியான்தி என்ற திராட்சைக் குன்றுப் பகுதியில், வெள்ளைச் சுண்ணாம்புக் கல் பரப்பிய பழைய ரோடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தார் போட்டு அவை காணாமல் போய்க்கொண்டிருந்தன. அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார் ஜியான்கார்லோ புரொக்கி. 1997-ல் கையோலே என்ற ஊரில் 'எல்'எரோயிகா' என்று ஒரு சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார். 1987-க்கு முன் செய்த பழைய சைக்கிள்தான் கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. முதல் வருடம் வந்தவர்கள் 92 பேர். இன்று பல நாடுகளில் அந்தப் பெயரில் பயணங்கள் நடக்கின்றன. வெள்ளை ரோடுகளில் வழிகாட்டிப் பலகை வைத்து, வருடம் முழுக்க யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று நிரந்தரப் பாதையே அமைத்துவிட்டார்கள். இதிலிருந்து பிறந்ததுதான், 2007-ல் தொடங்கி சியேனா நகரச் சதுக்கத்தில் முடியும் 'ஸ்த்ராதே பியாங்கே' என்ற பெரிய போட்டி. சைக்கிள்காரர்கள் நினைத்தால் ஒரு மண் ரோட்டைக் காப்பாற்றலாம் என்பதற்கு உலகமே காட்டுகிற உதாரணம் இது.

கேட்பதற்கு அருமையாக இருக்கிறது. 'ஜவ்வாது மலை மண் ரோட்டையும் அப்படியே வைத்திருக்க வேண்டும்' என்று நம்மூர் சைக்கிள் குரூப்களிலும் பேச்சு வருகிறது. "தார் போட்டா அழகே போயிடும் ப்ரோ!"

அப்படிச் சொல்வதற்கு முன் இன்னொரு சம்பவத்தையும் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். 2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலை. ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான ரோடு இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரத் தாமதமானது. குழந்தை வழியிலேயே இறந்துபோனது. பிரேதப் பரிசோதனை முடிந்து ஊருக்குக் கொண்டு வரும்போதும், ஆம்புலன்ஸ் மலையடிவாரத்தோடு நின்றுவிட்டது. மிச்சமிருந்த சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தைப் பெற்ற தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தார். அந்தப் படம் நாடு முழுக்கப் போனது. அதே மலைத்தொடர்தான். சைக்கிள்காரரின் கணக்கில் அந்த 10 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்து 'சூப்பர் கிராவல் செக்‌ஷன்'.

கியான்தியில் வெள்ளை ரோட்டின் ஓரத்தில் குடியிருப்பவருக்கு வீட்டு வாசலில் கார் நிற்கும். கொஞ்ச தூரத்தில் தார் ரோடும் இருக்கும். அங்கே மண் ரோடு அவர்கள் வேண்டும் என்று வைத்துக்கொண்டது. அல்லேரியில் மண் ரோடு அவர்கள் மேல் விழுந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

'காடு அழியாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வன நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும். மலைக்கிராமத்து ரோடுகள் வருடக்கணக்காக இழுபடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால், 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதற்கு ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது. பள்ளி, அங்கன்வாடி, குடிநீர், ரோடு போன்ற தேவைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராமசபையின் பரிந்துரையோடு கொடுக்கலாம். அதாவது, அங்கே ரோடு வேண்டுமா என்று முதலில் சொல்ல வேண்டியது அந்த ஊர் கிராமசபை. வார இறுதியில் வந்துபோகிற சைக்கிள் குரூப் இல்லை.

சைக்கிளால் மண் ரோட்டின் அருமை தெரிந்தவர்கள் நாம் மட்டும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டியது இதே மாதிரி ரோடுகளில்தான். பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கிற விலையில்லா சைக்கிளில் கியர் கிடையாது, டிஸ்க் பிரேக் கிடையாது. அதில்தான் மாணவ மாணவிகள் தினமும் சரளை ரோட்டைத் தாண்டி ஸ்கூலுக்குப் போகிறார்கள். அவர்களில் யாரும் அதைக் 'கிராவல் ரைடிங்' என்று சொல்வதில்லை. மழைக்காலத்தில் 'லேட்டாயிடுச்சு சார்' என்று மட்டும் சொல்கிறார்கள்.

அப்படியானால் எந்த மண் ரோட்டைக் காப்பாற்றுவது?

காப்பாற்ற வேண்டிய மண் ரோடுகள் நிறையவே இருக்கின்றன. அவை ஊருக்குப் போகிற ரோடுகள் இல்லை, கழனிக்குப் போகிறவை. வண்டிப்பாதைகள், ஏரிக்கரைகள், வாய்க்கால் ஓரங்கள்.

தேவிகாபுரத்தைச் சுற்றியே இப்படிப் பாதைகள் உண்டு. நெல்லும் வேர்க்கடலையும் மாறி மாறி வருகிற நிலம். எந்தப் பக்கம் போய் வழி தவறினாலும், தூரத்தில் கனககிரி மலையும் பெரியநாயகி அம்மன் கோயில் கோபுரமும் தெரியும், திரும்பிவிடலாம். காலையில் கேன் கட்டிக்கொண்டு பால் ஊற்றப் போகிறவர், கேரியரில் பாவு சுற்றிக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊர்த் தறிக்குப் போகிறவர் என்று இந்தப் பாதைகளின் பழைய கிராவல் ரைடர்களை இன்றும் பார்க்கலாம்.

இந்த வண்டிப்பாதைகளுக்குத் தார் தேவையில்லை. மாட்டு வண்டியும் டிராக்டரும் ஆளும் போக அகலம் இருந்தால் போதும். அந்த அகலம்தான் வருடத்துக்கு ஒரு அடியாகக் குறைகிறது. மாட்டு வண்டி போன பிறகு அந்தப் பாதைகளுக்குக் கேட்பாரில்லை. பக்கத்து நிலத்து வரப்பு கொஞ்சம் நகரும். பிளாட் போடுகிறவர்கள் வேலி வைப்பார்கள். சீமைக்கருவேலம் மிச்சத்தை மூடிவிடும். கடைசி வயல்காரர் அறுவடைக்கு மெஷின் கொண்டுபோக வழியில்லாமல் நிற்பார். பிறகு பஞ்சாயத்து, போலீஸ், கோர்ட்.

இத்தனைக்கும் பெரும்பாலான வண்டிப்பாதைகள் கிராம வரைபடத்தில் இருக்கும். வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் பாதைப் புறம்போக்கு என்று பதிவாகியிருக்கும். உங்கள் ஊர் விஏஓ ஆபீஸில் கேட்டுப் பார்க்கலாம். சர்வே எண் தெரிந்தால் தமிழ்நாடு அரசின் இ-சேவை இணையதளத்திலேயே 'அ' பதிவேட்டு விவரத்தைப் பார்க்கலாம். வரைபடத்தில் இருக்கிற பாதை நிலத்தில் இருக்கிறதா என்று சரிபார்க்கச் சைக்கிளைவிட நல்ல வாகனம் கிடையாது. கார் நுழையாது. நடந்தால் நாள் போதாது. வாரம் ஒருமுறை நாலு பேர் அந்த வழியாக ஓட்டினாலே, 'இது யாரும் போகாத பாதை' என்று ஒருவர் சொல்ல முடியாது. கியான்தியில் அந்த 92 பேர் செய்ததும் அதுதான். பாதையைப் பயன்படுத்தி, பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டினார்கள்.

ஆகவே, என் கணக்கு இது. ஜனங்கள் குடியிருக்கிற ஊருக்குப் போகிற மண் ரோடா? தார் வரட்டும் என்று அவர்களோடு சேர்ந்து கேளுங்கள். கழனிக்கும் ஏரிக்கும் போகிற வண்டிப்பாதையா? அது அப்படியே இருக்கட்டும் என்று கேளுங்கள். காட்டுக்குள் போகிற பாதையா? அது வனத்துறைக்கும், அங்கே காலம்காலமாக வாழ்கிறவர்களுக்கும் விலங்குகளுக்கும் உரியது. கூப்பிட்டால் மட்டும் போங்கள்.

கிளம்புவதற்கு முன்...

* புது சைக்கிள் வாங்க அவசரப்பட வேண்டாம். கிராவல் சைக்கிள் விலை லட்சங்கள் வரை போகும். இருக்கிற சைக்கிளில், ஃபிரேம் இடம் கொடுக்கும் அளவுக்கு அகலமான டயரை மாட்டிக்கொண்டு காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டிப் பாருங்கள். பாதி கிராவல் சைக்கிள் ரெடி.

* நம்மூர் மண் ரோட்டில் கல்லைவிட முள்தான் எதிரி. கருவேல முள் எந்த டயரையும் விடாது. ஒரு ஸ்பேர் டியூப், பஞ்சர் ஒட்டும் பேட்ச், சின்ன பம்ப் மூன்றும் கட்டாயம். வீட்டிலேயே ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள்.

* ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. சரளை இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் சடாரென்று பிடித்தால் சைக்கிள் சறுக்கும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிடுங்கள்.

* மலையில் பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது. எந்த வழி, எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தனியாகப் போக வேண்டாம். பொழுது சாயும் முன் இறங்கிவிடுங்கள்.

* தண்ணீர் பாட்டில், பிஸ்கட் கவர் எதையும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். காசை விட்டுவிட்டு வாருங்கள். டீ, சாப்பாடு, தேன், சாமை எதுவானாலும் மலைக்கிராமத்துக் கடைகளிலேயே வாங்குங்கள். நகரத்திலிருந்து மூட்டை கட்டிப்போய்த் தின்றுவிட்டு வந்தால், அந்த ஊருக்கு நீங்கள் வந்துபோனதற்கு அடையாளம் டயர் தடம் மட்டும்தான்.

* விவசாயத் தோட்டமோ மலைக்கிராமமோ, ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். நீங்கள் ஓட்டுகிற பாதை அவர்களுடைய வாசல்.

அந்த டீக்கடை இருக்கும் பாதைக்குத் தார் வந்துவிட்டால், நம் மாதிரி ஆட்களுக்கு ஒரு நல்ல கிராவல் பாதை குறையும். குறையட்டும். தார் வந்த பிறகும் அந்த மலை அங்கேதான் இருக்கும். சைக்கிளும் ஏறும். கூடவே 108-ம் ஏறும்.

இந்த வாரம் உங்கள் ஊர் வண்டிப்பாதை ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, கடைசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நடுவில் எங்கே வேலி வந்துவிட்டது என்று சொல்லுங்கள். நல்ல பாதைகளை அடுத்தடுத்த வாரங்களில் இங்கேயே பகிர்ந்துகொள்வோம்.